காந்திமதி: பொருள் என்ன, எப்படிப் பிரிப்பது, எப்படி எழுதுவது?

தாமிரபரணிக்கரை

வணக்கம். வீட்டில் பிறந்திருக்கும் பெண் குழந்தைக்குக் காந்திமதி என்று பெயர் வைப்பதாகப் பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர், குழந்தையின் அப்பத்தாவுக்கும் அதே பெயர். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெயர்ப் பட்டியல்களில் பொருள் தேடினால் ஒன்றில் ‘ஒளி வீசும் நிலா’, இன்னொன்றில் ‘ஒளியும் அறிவும் கொண்டவள்’ என்று ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. எது சரி? இங்கிலீஷில் ‘கே’ போடுவதா, ‘ஜி’ போடுவதா? நட்சத்திர எழுத்து பார்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நல்லது.

கல்லிடை சொல்லாய்வு

நல்ல பெயர். முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்தே தெளியும்.

இது முழுக்க வடமொழிச் சொல். காந்தி + மதீ. ‘காந்தி’ என்றால் அழகு, அழகால் வரும் ஒளி. வேர்ச்சொல் ‘கம்’, விரும்புதல் என்று பொருள். மகரத்தில் முடியும் சில வேர்களோடு ‘தி’ விகுதி சேரும்போது ம் என்பது ந் ஆகும், முன்னால் உள்ள குறில் நெடிலாகும். சம் என்பதிலிருந்து சாந்தி, பிரம் என்பதிலிருந்து பிராந்தி, அதே அச்சில் கம் என்பதிலிருந்து காந்தி. விரும்பத் தக்கதாகச் செய்யும் அழகு என்று விரித்துச் சொல்லலாம். கணவனைக் குறிக்கும் காந்தன், ‘அயஸ்காந்தம்’ (இரும்புக்குப் பிரியமானது) என்பதிலிருந்து வந்த நம் காந்தம், சூரியகாந்திப் பூ எல்லாம் இந்த வேரைச் சேர்ந்தவையே. ‘வயிறு காந்துது’ என்கிறோமே, அது தமிழ் வினை, எரிதல் என்று பொருள். அதற்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உஷ்ணமான பெயர் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.

எல்லோரும் இடறும் இடம் ‘மதி’. இங்கே அது நிலாவும் இல்லை, அறிவும் இல்லை. ‘உடையவள்’ என்று பொருள் தரும் விகுதி. கல்யாணப் பத்திரிகையில் ஸ்ரீமான், ஸ்ரீமதி என்று அச்சடிக்கிறார்கள். ஸ்ரீ உடையவன் ஸ்ரீமான், ஸ்ரீ உடையவள் ஸ்ரீமதீ. புத்தி உடையவன் புத்திமான், உடையவள் புத்திமதீ. அதேபோல் காந்தி உடையவள் காந்திமதீ.

இந்த விகுதிக்கு இரண்டு உருவம் உண்டு. முன்சொல் அகர ஆகாரத்தில் முடிந்தால் ‘வதீ’ வரும்: குணவதி, கலாவதி, லீலாவதி. இகரம், உகரம், ஓகாரத்தில் முடிந்தால் ‘மதீ’ வரும்: காந்திமதி, பானுமதி, இந்துமதி, கோமதி. (ஸரஸ் என்பது ஸகர மெய்யில் முடிந்தும் ஸரஸ்வதீ ஆவது ஏன் என்றால், கடைசி மெய்க்கு முன்னால் அகரம் நிற்கிறது. அதுவும் விதியில் அடங்கும்.) ஒரு பெயரில் வதி, மதி எது வந்திருக்கிறது, முன்சொல் எதில் முடிகிறது என்று பார்த்தாலே ‘உடையவள்’ விகுதியா என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சுமதி மட்டும் தனி. அது சு + மதி, நல்ல அறிவு உள்ளவள். அங்கே மதி உண்மையிலேயே அறிவுதான்.

சங்கரன்கோவில் மல்லி

மேலே சொன்னதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு ஆவுடையம்மை என்று தமிழ்ப் பெயர். கோ என்றால் பசு, தமிழில் ஆ. மதீ என்றால் உடையவள். ஆ + உடை + அம்மை. சொல்லுக்குச் சொல் அப்படியே நிற்கிறது. தேவர்கள் பசுக் கூட்டமாக அம்பாளைச் சூழ்ந்து வந்தார்கள் என்று தலபுராணம் சொல்வதும் இந்தப் பொருளை ஒட்டியே. கோமதி என்பதற்கு ‘பசுவும் நிலவும்’ என்று விளக்கம் எழுதுகிறவர்கள் ஆவுடையம்மை என்ற பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் போதும்.

நெல்லையிலும் அதே கதைதான். காந்திமதி அம்மனுக்கு வடிவுடையம்மை என்று பெயர். வடிவு என்பது காந்தி, உடை என்பது மதீ. ஆக, இரண்டு ஊர்க் கோயிலிலும் பழைய தமிழ்ப் பெயரே அகராதி வேலையைச் செய்துவிட்டது.

அதனால்தான் நம் சீமையில் ஒரே அம்மன் பெயர் இரண்டு வரிசையாக ஓடுகிறது. ஒரு வீட்டில் கோமதி, கோமதிநாயகம். பக்கத்து வீட்டில் ஆவுடையம்மாள், ஆவுடையப்பன். ஒரு வீட்டில் காந்திமதி, காந்திமதிநாதன். இன்னொரு வீட்டில் வடிவு, வடிவம்மாள். பாடல்களால் அறியப்பட்ட செங்கோட்டை ஆவுடையக்காள் பெயரும் இந்த வரிசைதான்.

பேட்டை வாசகன்

ஒரு சந்தேகம். வளர்மதி, தேன்மதி, மதியழகன் என்று பெயர் வைக்கிறோமே, அதையும் ‘உடையவள்’ என்று எடுத்துக்கொள்வதா? காந்திமதி என்று கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு நிலாதானே நினைவு வருகிறது? மக்கள் அப்படிப் பொருள் கொண்டு வைத்தால் அதைத் தவறு என்று தள்ளிவிட முடியுமா?

கல்லிடை சொல்லாய்வு

வளர்மதி, தேன்மதி தமிழ்ப் பெயர்கள். அங்கே மதி நிலா, சந்தேகமே இல்லை. முன்சொல் தமிழா, வடமொழியா என்று பார்த்தால் குழப்பம் வராது. ‘வளர்’ என்ற தமிழ் வினைக்குப் பின் வடமொழி விகுதி ஒட்டாது. மதிவாணன், மதியழகன் போன்றவற்றில் அறிவு என்றும் கொள்ளலாம், நிலா என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் இடம் உண்டு.

இந்துமதியில் இது நன்றாகத் தெரியும். இந்து என்றாலே நிலா. மதியையும் நிலா என்று எடுத்தால் ‘நிலா நிலா’ என்றாகிவிடும். இந்துவை உடையவள் என்று பிரித்தால் நிலா நிறைந்த பௌர்ணமி இரவு. எவ்வளவு அழகான பெயர் அது!

காதுக்கு நிலா தோன்றுவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். தாலாட்டில் நிலா என்று பாடட்டும். ஆனால் பெயரின் பொருள் என்று எழுதி வைக்கும்போது ‘அழகொளி உடையவள்’ என்று எழுத வேண்டும். அம்மன் பெயர் பல நூறு வருஷம் சுமந்துவரும் பொருளை ஒரு பட்டியல்காரர் ஊகத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மல்லி அவர்கள் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. வடிவுடையம்மை என்று எங்கே கண்டாலும் காந்திமதி என்று திருப்பிவிடாதீர்கள். திருவொற்றியூரிலும் வடிவுடையம்மன் இருக்கிறாள். அங்கே வடமொழிப் பெயர் திரிபுரசுந்தரி. தமிழ்ப் பெயரும் வடமொழிப் பெயரும் எப்போதும் ஒன்றுக்கொன்று நேர் என்று சொல்ல முடியாது. நெல்லையில் நேராக அமைந்திருக்கிறது. குற்றாலத்துக் குழல்வாய்மொழிக்கு வேணுவாக்வாதினி என்று வழங்குவதும் அப்படி அமைந்த ஜோடி.

டவுன் ரதவீதி

பாராயணம் பண்ணுகிறவர்களுக்கு இன்னும் உறுதியான சான்று லலிதா சகஸ்ரநாமத்தில் இருக்கிறது. ‘காலகண்டீ காந்திமதீ க்ஷோபிணீ ஸூக்ஷ்மரூபிணீ’ என்று ஒரு அடி. காந்திமதீ அதில் 465ஆவது நாமம். அதற்குச் சற்று முன்னால், ‘துஷ்டி: புஷ்டிர் மதிர் த்ருதி: சாந்தி: ஸ்வஸ்திமதீ காந்திர் நந்தினீ’ என்று வருகிறது. அதில் மதி 445, காந்தி 449. இவை இரண்டும் தனித்தனி நாமங்கள், காந்திமதீ மூன்றாவது.

எழுத்தைக் கவனியுங்கள். அறிவு என்ற பொருளில் வரும் மதி குறிலில் முடிகிறது, அடுத்த சொல்லோடு சேரும்போது ‘மதிர்’ என்று ரகரம் ஏறுகிறது. காந்திமதீயும் ஸ்வஸ்திமதீயும் நெடிலில் முடிகின்றன, எதுவும் ஏறவில்லை. இரண்டும் வேறு சொல் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தமிழில் எழுதும்போது நதீ நதியாகவும் கௌரீ கௌரியாகவும் குறுகுவது போல் இதுவும் குறுகிவிடுகிறது. குழப்பத்துக்கு மூலகாரணம் அந்தக் குறுக்கம்தான்.

அர்ச்சனைக்கு ‘காந்திமத்யை நம:’. ‘காந்திமதயே’ என்று சிலர் சொல்லிக் கேட்கிறோம், அது பிழை. விளித்துக் கூப்பிடும்போது மட்டும் வடமொழியிலேயே கடைசி எழுத்து குறுகும்: ‘ஹே காந்திமதி’. ஆக, நாம் வீட்டில் கூப்பிடுவது விளி வடிவத்தோடு பொருந்திப்போகிறது.

பாட்டு தெரிந்தவர்களுக்கு: முத்துசுவாமி தீட்சிதர் நெல்லை அம்பாள்மேல் பாடிய ‘ஸ்ரீ காந்திமதீம்’ கீர்த்தனையில் நெடிலை நீட்டிப் பாடியே ஆக வேண்டும். 58ஆவது மேளத்தில் (தாய் ராகத்தில்) அமைந்தது. தீட்சிதர் மரபில் தேசிசிம்மாரவம் என்றும், இன்று மேடையில் பரவலாக ஹேமவதி என்றும் சொல்வார்கள். தீட்சிதர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில் என்பதால் நம் சீமைக்கு அவர் அந்நியர் இல்லை.

சைவப் பெயர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் தாயார் பெயரும் காந்திமதிதான்.

வெண்பாப் பிரியன்

எட்டயபுரம் என்றதும் குறுக்கே ஒரு வார்த்தை. பாரதியின் இளமையைப் பற்றி வழங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். காந்திமதிநாதன் என்பவர் ‘பாரதி சின்னப் பயல்’ என்று ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்க, பாரதி ‘காரிருள்போல் உள்ளத்தான் காந்திமதி நாதனைப் / பாரதி சின்னப் பயல்’ என்று முடித்து, ‘பார், அதி சின்னப் பயல்’ என்று பிரிக்க வைத்தார் என்பார்கள். பெயர் அங்கே எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள். காந் / திம / தி, நேர் நிரை நேர், கூவிளங்காய். அடுத்த சீர் ‘நா’ என்று நேரில் தொடங்குவதால் வெண்சீர் வெண்டளை (காய்ச்சீருக்கு அடுத்த சீர் நேரில் தொடங்கும் கட்டு) தட்டாமல் வருகிறது. குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் யாராவது வாழ்த்து வெண்பா எழுதுவதாக இருந்தால், காந்திமதிக்கு அடுத்த சீரை நேரசையில் தொடங்கச் சொல்லுங்கள். ‘காந்திமதி வாழ்க’ சரி. ‘காந்திமதி வளர்க’ தளை தட்டும்.

தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. பொருள் தெளிவாகிவிட்டது. நட்சத்திர எழுத்து, இங்கிலீஷ் எழுத்து பற்றியும் சொல்லுங்கள். குழந்தை புனர்பூசம், 2ஆம் பாதம்.

டவுன் ரதவீதி

அட்டவணைப்படி ‘கா’ மிருகசீரிடம் 3ஆம் பாதத்துக்கு உரியது. புனர்பூசம் நான்கு பாதங்களுக்கும் கே, கோ, ஹ, ஹி. 2ஆம் பாதத்துக்குக் ‘கோ’. அப்படிப் பார்த்தால் கோமதி என்று அமையும்.

ஆனால் அம்மன் பெயரும் முன்னோர் பெயரும் வைக்கும் வீடுகளில் எழுத்துக்காகப் பெயரை மாற்றுகிற வழக்கம் பொதுவாக இல்லை. அப்பத்தா பெயர் பேத்திக்கு வருவது இங்கே பழைய முறை. மனசு கேட்கவில்லை என்றால் வழி இருக்கிறது. பெயர் சூட்டும்போது காதில் சொல்ல நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அரிசியில் எழுதுவதையும் பதிவு செய்வதையும் காந்திமதி என்றே செய்யலாம். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி மஞ்சள் கொம்பால் எழுதும்போது அரிசி ஒரு விரற்கடை கனமாவது இருக்கட்டும். மெல்லிசாகப் பரப்பினால் ‘ந்’ மேல் வைக்கும் புள்ளி நிற்காது, பாத்திரம் தெரியும். கா, ந், தி, ம, தி, ஐந்தே எழுத்து. நடுத்தரத் தாம்பாளத்தில் ஒரே வரியில் அடங்கும்.

பேட்டை வாசகன்

மனு ஸ்மிருதியில் பெண்ணுக்கு நதி, மரம், நட்சத்திரப் பெயர் இருப்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறதே. கோமதி நதிப் பெயராயிற்றே?

கல்லிடை சொல்லாய்வு

சொல்லியிருப்பது உண்மை. ரிக்வேதத்து நதி சூக்தத்திலேயே கோமதீ என்று ஒரு ஆறு வருகிறது, இன்று லக்னோ வழியாக ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். ஆனால் தமிழ்நாடு அந்த விதியை என்றைக்கும் கண்டுகொண்டதில்லை. காவேரி, கங்கா, ரோகிணி, ரேவதி, துளசி இல்லாத தெரு எது? சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்குக் கோமதி என்று வைப்பவர்கள் ஆற்றை நினைத்து வைப்பதில்லை, அம்மனை நினைத்து வைக்கிறார்கள். அதே நூல் பெண் பெயருக்குச் சொல்லும் நல்ல இலக்கணத்தையும் பாருங்கள்: உச்சரிக்க எளிதாக, கடுமை இல்லாமல், பொருள் தெளிவாக, மங்கலமாக, நெடிலில் முடிவதாக இருக்க வேண்டும். காந்திமதீ அத்தனைக்கும் பொருந்தும்.

பாளை பதிவேடு

இங்கிலீஷ் எழுத்தைப் பற்றி எழுதுகிறேன். பிற்பாடு அலைச்சல் வருவது இதனால்தான்.

தமிழில் ‘க’ ஒன்றே நான்கு ஒலிக்கும் நிற்பதால் காந்தி என்று கண்டவுடன் தட்டச்சு செய்பவர் மகாத்மா காந்தியை நினைத்து ‘ஜி’யில் தொடங்கி ‘டி எச்’ (DH) நடுவில் போட்டுவிடுகிறார். அந்தக் காந்தி குஜராத்திக் குடும்பப் பெயர், முதல் எழுத்து ககரத்தின் மூன்றாம் ஒலி. அம்மன் பெயரில் முதல் ஒலி. அதனால் ‘கே’தான். நம்மூர் வழக்கப்படி: கே, ஏ, என், டி, எச், ஐ, எம், ஏ, டி, எச், ஐ (KANTHIMATHI). பதினொரு எழுத்து. வடமொழி அறிஞர்கள் எழுதுவது போல் எச் இல்லாமல் எழுதினால் தமிழ்நாட்டில் ‘காண்டிமாட்டி’ என்று படித்துவிடுவார்கள், தனி ‘டி’ (T) நமக்கு ட ஒலி. கடைசியில் ஐ போடுவதா ஒய் போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒரு சான்றிதழில் ஐ, இன்னொன்றில் ஒய் என்று வந்தால் இரண்டும் வேறு ஆள் என்று திருப்பி அனுப்ப ஒரு எழுத்தே போதும். எண்கணிதம் பார்த்து நடுவில் இன்னொரு ‘ஏ’ சேர்ப்பதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் அதைத் தேவையில்லாத எழுத்து என்று நீக்கிவிடுவார், அங்கிருந்து தொடங்கும் முரண்பாடு.

வடமாநிலப் பயன்பாட்டுக்கு நாகரியில் (இந்தி எழுத்தில்) எழுத நேர்ந்தால் முதல் எழுத்து க வரிசையின் முதல் ஒலி, ‘ந்’ உடன் சேர்வது த வரிசையின் முதல் ஒலி, நடுவில் குறில் இ, கடைசியில் நெடில் ஈ. கடைசியில் குறில் போட்டால் மேலே ரதவீதி அவர்கள் சொன்ன ‘அறிவு’ மதியாகிவிடும். ‘தமிழிலிருந்து பார்த்து எழுதுங்கள்’ என்று விட்டுவிட்டால் கட்டாயம் அந்தத் தவறு வரும்.

பதிவு: பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இடம் காலியாக இருக்கலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். அதனால் எழுத்து முடிவாகாமல் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. விண்ணப்பத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில், தனித்தனியாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு மொழியிலும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பதிவாளரிடமே திருத்தக் கேட்கலாம். பிழை இல்லாமல் பதிந்த பெயரைப் பின்னால் மாற்றுவதுதான் சிரமம், அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 1-10-2023 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் என்பதால், அந்தத் தாளில் இருக்கும் எழுத்துதான் கடைசிவரை வரும்.

தாமிரபரணிக்கரை

ரொம்ப நன்றி. ‘கே’ என்றே முடிவு செய்துவிட்டோம், கடைசியில் ஐ. ஒன்று மட்டும் பாக்கி. மாமியார் பெயர் என்பதால் குழந்தையின் அம்மா முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்குகிறார்.

சங்கரன்கோவில் மல்லி

மாமியார் பெயரை மருமகள் சொல்லாத வீடுகளில் எல்லாம் இந்தச் சிக்கல் உண்டு. அதற்குத்தான் கூப்பிடுற பேர் என்று ஒன்று வைப்பது. ‘காந்தி’ என்று சுருக்கினால் மாமியாரைக் கூப்பிடுவது போலவே இருக்கும். ‘மதி’ என்று சுருக்கினால் விகுதி மட்டும் மிஞ்சும், நிலா என்ற தமிழ்ப் பொருளில் அதை வைத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கும். என்னைக் கேட்டால் ‘வடிவு’ என்றே கூப்பிடச் சொல்வேன். அம்மனின் பெயராகவும் இருக்கும், பொருளும் மாறாது, மாமியார் பெயரைச் சொன்னதாகவும் ஆகாது. பெயர் சூட்டும் நாளில் காந்திமதி என்று எழுதிய அரிசிக்கு அடுத்த வரியில் வடிவு என்றும் எழுதிவிடுங்கள் தாயி. சான்றிதழில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம்.